அண்ணன் தோட்டத்தில் பிறக்காத கொசு

அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. வருஷத் திதிக்கு வந்திருந்து, பந்தியில் அமர்ந்து சாப்பிட்டு, இந்தச் சிறு நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உங்கள் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அறுபது வருடம் அவரை அருகிலிருந்து பார்த்தவள் நான். பொழிச்சலூரில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்த மனைகளில் இருக்கின்றன. நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தக் கதவுக்கு ஒரு நாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். அண்ணனைப் பற்றி எழுத நல்லதுக்குக் குறைவில்லை. ஆனால் என்னைப் பற்றியும் ஒன்று இதில் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையோடு படியுங்கள்.

அண்ணன் பிறந்தது பல்லாவரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அண்ணனுக்குப் பதினேழு வயதாகும்போது அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணன் படிப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டார். "ஒருத்தர் படிச்சா போதும், அது விஜியா இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. இரண்டு வருடம் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு நகரத்தில் வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை அதே வேலைதான்.

கரப்பான், மூட்டைப்பூச்சி, கறையான், எலி. தோளில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். பிற்பாடு மொபெட், அதற்கும் பிற்பாடு கம்பெனி வேன். வேளச்சேரியிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில் தரையைத் துளைத்துக் கறையான் மருந்து ஊற்றியவர்களில் அண்ணனும் ஒருவர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் சட்டையிலிருந்து அந்த வாடை போகாது. பெண் பார்க்கப் போன மூன்று இடங்களில் "பூச்சி மருந்து அடிக்கிற மாப்பிள்ளையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காவது இடம் திருநீர்மலை. அங்கே சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பெண் என்னிடம் மெதுவாக, "எங்க வீட்ல கறையான் வாசக்கதவையே தின்னுடுச்சு. உங்க அண்ணன் அடுத்த தடவ வர்றப்போ மருந்து கொண்டு வருவாரா?" என்று கேட்டார். அவர்தான் என் அண்ணி.

வேலையில் அண்ணனுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு உறவினர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் அண்ணனைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார். அண்ணன் முன்பின் தெரியாதவரைப் போலக் கைகூப்பினார். அந்த அம்மா முகத்தில் போன உயிர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அந்தம்மாவ உனக்குத் தெரியுமாண்ணா?"

"தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா? வூட்டுக்குள்ள பாத்தத வாசல்ல வந்து பேசக் கூடாது விஜி. அப்புறம் எவன் நம்மள உள்ள வுடுவான்?"

யார் வீட்டுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி, யார் வீட்டு அடுப்பு மேடைக்குக் கீழே கரப்பான் குடும்பம் நடத்தியது என்று அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். ஒரு மாதம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால், கட்டிடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் ஜல்லியும் கொட்டிக் கிடந்த இடத்தைக் கடப்பாரையால் கொத்த ஆரம்பித்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விதை வாங்கி வந்தார். கத்தரி, வெண்டை, கொத்தவரை, ஒரு பந்தல் போட்டு அவரை, புடலை, பாகல். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. முதல் கத்தரி நாற்று அத்தனையும் இலை ஓரம் கருகிப் போயிற்று. அதனால் மழைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைப்பார். அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் அண்ணி ஒரு நீல பக்கெட்டில் சேர்த்துக் கொடுப்பார். சித்திரை, வைகாசி வெயிலில் பதினோரு மணிக்கெல்லாம் இலைகள் துவண்டு தொங்கும். பச்சை வலை கட்டினார். விடிவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவார்.

பூச்சி வந்தது. மருந்து அடித்தார். அவருக்குத் தெரிந்தது அதுதானே?

முதல் மார்கழியில் அவரைக் கொடி முழுவதும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. கருகருவென்று எள்ளைத் தூவினாற்போல. அவற்றுக்கு நடுவில் முதலையை எறும்பளவுக்குச் சுருக்கினாற்போல, கறுப்பும் ஆரஞ்சுமாக வேறு சில பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவைதான் கொடியைக் கெடுக்கின்றன என்று நினைத்து அண்ணன் நன்றாகக் குனிந்து குனிந்து அடித்தார். மறுநாள் என் மகள் ரேவதி அங்கே போனாள். அப்போது அவள் கல்லூரியை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். செத்துக் கிடந்த ஒன்றைப் படம் எடுத்து கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பொறிவண்டோட குட்டி. இது நாள் பூரா அசுவினியத்தான் தின்னுமாம்" என்றாள்.

"சேப்பா, புள்ளி புள்ளியா இருக்குமே, அந்தப் பொறிவண்டா?"

"அதேதான். சின்னதுல இப்படி இருக்குமாம்."

அண்ணன் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் சுவர்க் கதவருகே நின்றிருந்தேன். "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல பூச்சி வேல பாத்துகினு இருந்தேன் விஜி. எனக்குத் தெரிஞ்சது மொத்தமே ஏழெட்டுப் பூச்சிதான். எல்லாம் ஜனங்க சாவடிக்கச் சொன்ன பூச்சி. மத்தத நான் பாத்ததே இல்ல" என்றார்.

அன்றைக்கு மாலையே தெளிப்பானை யாருக்கோ கொடுத்துவிட்டார். மருந்துப் புட்டிகளைப் பழைய கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வேலைக்காக வைத்திருந்த டார்ச்சையும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் நீட்டிப் பார்க்கும் கைப்பிடிக் கண்ணாடியையும் மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு அவர் பாட்டுக்கு ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஐந்தாறு வருடங்கள்தான் நான் பார்த்த அண்ணனின் மிக மகிழ்ச்சியான காலம். ஒரு நாள் காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, "விஜி, ஓடியா, ஓடியா!" என்று கூப்பிட்டார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப் போனேன். வெண்டை இலைக்கு அடியில் மயிரிழை போன்ற காம்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. "பூஞ்சைன்னு நெனச்சு நேத்து தொடைக்கப் பாத்தேன். முட்ட இது! கண்ணாடி மாதிரி ரெக்க இருக்குமே பச்சப் பூச்சி, அது வச்ச முட்ட. எறும்பு ஏறி வந்து தின்னுடக் கூடாதுன்னு காம்பு மேல வச்சிருக்கு. இன்னா மூளை பாரு!" என்றார். என் தோசை தீய்ந்தே போயிற்று.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் காலை வணக்கத்துக்குப் பூவும் சாமி படமும் அனுப்புவார்கள். அண்ணன் கும்பிடுபூச்சியின் முகத்தை அனுப்புவார். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை அனுப்பி, "இது எச்சம் இல்லை" என்று கீழே எழுதுவார். "காலங்காத்தால காபி குடிக்கிற நேரத்துல ஏன் மாமா?" என்று கேட்டவர்களும் அந்தக் குழுவிலிருந்து விலகவில்லை.

காய்களை அவர் விற்றதில்லை. எதிர் வீட்டு நஸீமாவுக்கு வாரம் ஒரு முறை ஒரு கூடை போகும். "அண்ணா, கத்தரிக்கால புழு இருந்துச்சுண்ணா" என்று நஸீமா சொன்னால், "நல்ல காயின்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அது தின்ன எடத்த வெட்டிட்டு மீதிய நீ தின்னு" என்பார்.

இனி எழுத வேண்டியதற்கு வருகிறேன்.

என் கணவர் காலமாகி இரண்டாவது வருடம் ரேவதி கர்ப்பமானாள். அவள் புகுந்த வீடு பெருங்களத்தூரில் இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு. தாய்மாமன் முறைக்கு அண்ணன்தான் முன்னே நின்று தட்டு வைத்தார். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குப் பெண்ணை என்னோடு அனுப்புவதில் சம்பந்தி அம்மாவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. "மழைக்காலமா இருக்கு. நீங்க தனியா வேற இருக்கீங்க. எப்படிச் சமாளிப்பீங்க?" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். எனக்கோ அது, கணவன் இல்லாதவள் வீட்டில் என்ன பாதுகாப்பு என்று கேட்டது போல இருந்தது. பிடிவாதமாக அழைத்து வந்தேன்.

வந்த பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். டெங்கு என்றார் மருத்துவர். வயிற்றில் குழந்தை. ரத்தத் தட்டணுக்கள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போயின. மருத்துவமனையில் சேர்த்தோம். சம்பந்தி அம்மா வந்து உட்கார்ந்தவர் என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அந்த வாரமே எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

மூன்றாம் நாள் காலை மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தெருச் சங்கத்தின் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி காடு மாதிரி வளத்து வச்சா கொசு வராம என்ன சார் வரும்? மருந்தும் அடிக்க மாட்டேங்கறீங்க."

"தோட்டத்துல கொசு இல்ல சார். நான் தெனமும் பாக்குறேன்" என்றார் அண்ணன். பிறகு என்னைக் கண்டதும், "ரேவதி எப்படி இருக்குது விஜி?" என்று கேட்டார்.

இரண்டு இரவு தூங்காதவள் நான். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. தெருவே கேட்கக் கத்தினேன். "உன் செடிதான்! உன் செடியும் உன் பூச்சியும்தான்! தாய்மாமனா நீ? என் பொண்ணையும் அவ வயித்துல இருக்கறதையும் கொல்லப் பாக்குற!"

தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போயிற்று. அது போகும் வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு கை நீட்டினார். "உன் வூட்டு சாவி குடு."

சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. தரையில் வீசிவிட்டு, துணிகூட எடுக்காமல் ஆட்டோவில் ஏறினேன்.

அன்று மாலை தெருவில் கூட்டம் போட்டார்கள். நான் அங்கே இல்லை. நஸீமா பிறகு சொன்னார். தோட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பேசினார்களாம். நஸீமா ஒருத்திதான், "அண்ணா வூட்டு செடியில இன்னா கீது? சும்மா அவர் மேலயே பழி போட்டுக்கினு!" என்று எதிர்த்துப் பேசியிருக்கிறார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "சரி. காலைல எடுத்துர்றேன்" என்று மட்டும் சொன்னாராம். மறுநாள் விடிந்ததும் பந்தலைப் பிரித்தார். புடலை அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. மதியத்துக்குள் எல்லாம் வெறும் மண்ணாகிவிட்டது.

ஆறாம் நாள் ரேவதியின் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. குழந்தைக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அண்ணன் பார்க்க வந்தார். அறைக்குள் போய் அவள் தலையைத் தொட்டுவிட்டு, வராந்தாவில் என் அருகில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் சாவியை என் மடியில் வைத்தார்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி, கீழ, ஒரு ட்ரே இருக்குது விஜி. ஐஸ் உருகுற தண்ணி அதுலதான் வந்து நிக்கும். வாரத்துக்கு ஒரு தபா கழட்டித் தொடச்சு வை. ஊறுகா ஜாடி தொடைக்கிற மாதிரி நல்லா அழுத்தித் தொட. முட்ட ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். "அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"நிறையவா?"

அவர் என் மடியிலிருந்த சாவியை எடுத்து என் கைக்குள் வைத்து மூடினார். அந்த ஃப்ரிட்ஜ் வாங்கி பதினோரு வருடம். அப்படியொரு ட்ரே இருப்பதே எனக்குத் தெரியாது. ரேவதி பகலெல்லாம் படுத்திருந்த அறையும் அந்த ஃப்ரிட்ஜும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

"ஏண்ணா அன்னிக்கே சொல்லல? கூட்டத்துல சொல்லியிருக்கலாமே! தோட்டம் பொழச்சிருக்குமே!"

அண்ணன் அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே சம்பந்தி அம்மாவின் குரல் கேட்டது. "யார்கிட்ட சொல்றது? உன் சம்பந்திகிட்டயா? தனியா பாத்துக்கறேன்னு பொண்ண இட்டாந்தவ நீ. நாளைக்கு அந்த வூட்ல உன் பேச்சுக்கு மதிப்பு இருக்க வேணாமா? செடி திரும்ப மொளைக்கும். வுடு."

தை மாதம் ரேவதிக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அதே தை மாதம் அண்ணன் மறுபடியும் விதை ஊன்றினார். பந்தலைப் பிரித்ததிலிருந்து அவர் படமே வராத குழுவில், மூன்று மாதம் கழித்து ஒரு படம் வந்தது. வெறும் மண்ணில் ஒரு அவரை முளை, அதன் மேல் ஒரு எறும்பு. நீங்கள் பலரும் கைதட்டும் படம் போட்டீர்கள். நான் எதுவும் போடவில்லை.

தோட்டம் வந்தது. பெயர் போகவில்லை. "கொசுத் தோட்டம்" என்று தெருவில் சொல்வார்கள். சண்டையாக இல்லை, ஒரு அடையாளமாகவே சொல்வார்கள். கூரியர்காரருக்கு வழி சொல்லும்போதுகூட. ஒரு முறை அண்ணனிடம், "செயலாளர்கிட்ட நான் போய்ச் சொல்லிடட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "இப்ப போய் சொல்லி இன்னா ஆவப்போவுது? கொசு செத்து எத்தினியோ நாளாச்சு" என்று சிரித்தார். உண்மையில் அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். முதலில் சம்பந்திக்கு பயந்தேன். பிறகு வெட்கம். பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அண்ணன் தோட்டத்துப் பீர்க்கங்காயை நறுக்கிக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். டார்ச்சையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். "கொசு இருக்கான்னு பாத்துட்டுப் போறேன், அஞ்சு நிமிஷம்." தொட்டிச் செடியின் அடித்தட்டு, மாடித் தொட்டியின் மூடி, ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், ஃப்ரிட்ஜின் பின்பக்கம். யாரும் மறுக்கவில்லை. "பாவம், பிராயச்சித்தம் பண்றாரு" என்று செயலாளர் என்னிடமே சொன்னார். நான் தலையசைத்தேன். எந்த வீட்டில் என்ன இருந்தது என்று அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களிலும் எங்கள் தெருவில் யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. அது அண்ணனால்தான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

போன வருடத் தொடக்கத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். குனிய முடியாமல் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து செடிகளைப் பார்த்தார். பிறகு அதுவும் முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் அன்று காலையில், "பாவக்காப் பிஞ்சுக்கெல்லாம் பேப்பர் பை கட்டிடு விஜி. இல்லாட்டி ஈ குத்திடும்" என்றார். சரி என்றேன். மறந்துவிட்டேன். எட்டாம் நாள் அண்ணனை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது பாகற்காய்கள் பழுத்து வெடித்துக் கிடந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் அந்த எட்டு நாளும் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கும்பிடுபூச்சியின் படம் காட்டினார். ரேவதி தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார்.

இதுவரை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன்பு மூன்று பேரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் பார்த்ததை வாசலில் பேசாதவர் அண்ணன். அவர் மறைத்ததை நான் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். அவர் பார்த்தது என் வீட்டில். என் வீட்டைப் பற்றி நான் சொல்லலாம்.

முதலில் பெருங்களத்தூருக்குப் போனேன். ரேவதியையும் சம்பந்தி அம்மாவையும் உட்கார வைத்துப் படித்தேன். ரேவதி அழுதுகொண்டே எழுந்து உள்ளே போனாள். சம்பந்தி அம்மா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த இடத்தைத் தானே ஒரு முறை படித்தார். இத்தனை வருடம் நான் பயந்த நிமிடம் அதுதான். பிறகு அவர் மெல்ல, "அந்த ட்ரே எங்க இருக்கும்னு சொல்லுங்க. எங்க ஃப்ரிட்ஜுல நானும் பாத்ததே இல்ல" என்றார். இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜை இழுத்துப் பார்த்தோம்.

அடுத்து அண்ணி. அவர் புதுப் பெண்ணாக வந்த நாளிலிருந்து எனக்கு அக்காவாக இருப்பவர். பந்தல் பிரித்த அந்த வருடத்துக்குப் பிறகு அண்ணி தோட்டத்துப் பக்கம் போவதே இல்லை. முழங்கால் வலி என்று நினைத்திருந்தேன். படித்து முடித்தபோது அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புரியாதவர் போலப் பார்த்தார்.

"அப்ப நம்ம தோட்டம் இல்லையா விஜி?"

"இல்ல அண்ணி. உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் சொல்லலியா?"

"நம்ம தோட்டம் இல்லன்னு சொன்னாரு. வேற எங்கன்னு கேட்டேன், சொல்லல. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றாருன்னு நெனச்சிட்டேன்." அண்ணியின் குரல் தாழ்ந்தது. "அந்த நீல பக்கெட்டுல, அரிசி கழுவின தண்ணி, ரேவதி வந்த வாரம் நாலஞ்சு நாள் ஊத்தாம அப்படியே வச்சிட்டேன். மழை பெஞ்சதுன்னு விட்டுட்டேன். அதுலதான் வந்துச்சுன்னு நெனச்சேன். அவர் பந்தலப் பிரிக்கறப்போ நான் அந்த பக்கெட்ட ஒடச்சுப் போட்டேன். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கொழந்தைக்கு என்ன ஆவுமோன்னு பயந்துகிட்டே இருந்தேன். அவர்கிட்டகூடச் சொல்லல. சொன்னா, என்னால அவருக்குக் கெட்ட பேருன்னு ஆயிடுமேன்னு."

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கெட்டது அண்ணனின் பெயர் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு தூரத்தில், அண்ணி செய்யாத தவறைச் சுமந்துகொண்டிருந்தார். காலைத் தொட்டேன். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, காகிதத்தை என் கையில் திணித்தார்.

"இத அப்படியே போடு. சின்ன எழுத்துல போடாத, வயசானவங்க படிக்க மாட்டாங்க. நல்லா பெருசா போடு."

அண்ணன் நோயில் இருந்தபோது இரவு பகல் பாராமல் உடனிருந்த உறவினர்களுக்கும், கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எட்டு நாளும் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பிய நஸீமாவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த எங்கள் தெருவினருக்கும், முன்னின்று எல்லா வேலைகளையும் செய்த செயலாளர் சாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களில் பலர் அண்ணன் கொடுத்த காய்களைச் சாப்பிட்டவர்கள். அவர் உங்கள் வீடுகளுக்குள் வந்து போனவர். அவர் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

ரேவதிக்குக் காய்ச்சல் கொடுத்த கொசு என் வீட்டில் பிறந்தது. அண்ணன் தோட்டத்தில் இல்லை. அண்ணியின் பக்கெட்டிலும் இல்லை. அண்ணி பெரிதாகப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

தங்கை,
விஜயா